இது தம்பி சொன்னது

ஆபீஸில் என் பக்கத்து மேஜையில் இருந்த அந்த அம்மாவுக்குச் சொந்தமாக ஒன்றும் சொல்லத் தெரியாது என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்புவதற்கு எனக்கு ஆசையாக இருந்தது. காரணமும் இல்லாமல் இல்லை. எதைச் சொன்னாலும் அது யார் சொன்னது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் அவரால் ஆரம்பிக்க முடியும். மழை வரும் என்றால்கூட, "இன்னிக்கு மழை வரும்னு வாட்ச்மேன் சொன்னாரு" என்பார். வானம் கறுத்துக் கிடப்பது கண்ணாடி வழியாக எங்கள் எல்லாருக்கும் தெரிந்துகொண்டுதான் இருக்கும். அவருக்கு அது வாட்ச்மேனுடைய மழை.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் அச்சு முறுக்கு கொண்டுவருவார். டப்பாவைத் திறக்கும்போதே ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார். "மாவு பதம் எங்க மாமியாரோடது. அச்சு மாடி வீட்டம்மா குடுத்தது. தேங்காப்பால் ஊத்திப் பாருன்னு சொன்னது என் தங்கச்சி. கருகிப் போனது இருக்குதே, அது மட்டும் என்னோடது." எல்லாரும் சிரிப்பார்கள். அப்புறம் கருகினதைத் தேடி எடுத்துத் தின்பதற்குப் போட்டி நடக்கும். நானும் ஒரு வருஷம் கருகினது ஒன்றை எடுத்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

எலெக்ட்ரானிக் சிட்டியில், அச்சு இயந்திரம் செய்கிற வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சிக் கூடத்தில் நாங்கள் இருவரும் எஞ்சினியர்கள். ஒரே படிப்பு, ஏறக்குறைய ஒரே சம்பளம், அடுத்தடுத்த மேஜை. பிரிண்டரில் போடுகிற டோனரை மை என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது பொடி. பிளாஸ்டிக்கும் கரியும் சேர்ந்த, விரலில் எடுத்தால் துகள் தெரியாத பொடி. அதற்கு மின்னேற்றம் கொடுத்து, உருளையில் எழுத்து இருக்கிற இடத்தில் மட்டும் ஒட்டவைத்து, அங்கிருந்து தாளுக்கு இழுத்து, சூட்டில் உருக்கி அழுத்தினால் பக்கம் தயார். மின்சாரம், உருளை, சூடு எல்லாம் வேறு குழுக்களின் பாடு. எங்களுடையது அதற்கு முந்தின வேலை. தொட்டியில் இருக்கிற பொடியை உருளை வரைக்கும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். தண்ணீர் என்றால் சாய்த்தால் ஓடும், பொடி அப்படி ஓடாது. ஒன்றோடொன்று தோள் கோத்துக்கொண்டு நின்றுவிட்டால் எந்தப் பக்கம் சாய்த்தாலும் அசையாது.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சட்டையில் டோனர் கொட்டிவிட்டால் தேய்க்க மாட்டோம், வெந்நீர்ப் பக்கமே போக மாட்டோம். சூடு பட்டால் பொடி உருகித் துணியிலேயே குடியேறிவிடும். உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் இதை எனக்குச் சொன்னது அந்த அம்மாதான். "இது எனக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவரு சொன்னது" என்று சேர்த்துக்கொண்டார். அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை. இருந்தாலும் சட்டையில் டோனர் கொட்டும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன். இப்படி யார் யாரையோ நம் தலைக்குள் குடிவைத்துவிடுவது அந்த அம்மாவின் வேலை.

என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். சேர்ந்த அன்றைக்கே என்னைத் தம்பி ஆக்கிவிட்டார். ஆபீஸில் மற்றபடி எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவர் தம்பி என்று கூப்பிட்டதற்குப் பதிலாக நான் அவரை மேடம் என்று கூப்பிட்டேன். கொஞ்சம் தள்ளி நிற்கவைக்கலாம் என்றுதான். அவருக்கு அது உறைத்த மாதிரியே தெரியவில்லை. "மேடம்னு கூப்பிடுறது தம்பி ஒருத்தர்தான்" என்று அதையும் என் பேரில் எழுதிவிட்டார்.

இதில் இன்னொரு கஷ்டம், எங்கள் வீடுகள். அவருக்கு பிரேசர் டவுன், எனக்கு ஜீவனஹள்ளி. கம்பெனி அனுப்புகிற கேப் வண்டியில் ஒரே ரூட். பகல் முழுக்க யாரைப் பார்த்து வயிறு எரிகிறதோ, அவரோடேயே காலையும் மாலையும் மேம்பாலத்தில் ஊர்ந்துகொண்டு போக வேண்டும். டிரைவர் ஒரு கன்னடக்காரர். அவர் ரேடியோவில் கேட்டது, அவர் மாமனார் சொன்னது எல்லாவற்றையும் அந்த அம்மா மறுநாள் ஆபீஸில் அவர் பேரோடு சொல்வார். ஆபீஸில் டிரைவரின் பேர் எல்லாருக்கும் தெரியும். அதே கேபில் அதே சீட்டில் வருகிற என் பேரை, அடுத்த மாடிக்காரர்கள் அடையாள அட்டையைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

சரி, எதற்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் என்று கேட்பீர்கள். ரிசெப்ஷனுக்குப் பின்னால் ஒரு சுவர் இருந்தது. எங்கள் கூடத்திலிருந்து ஒரு கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடைத்தால், கண்டுபிடித்தவர் பேரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து அந்தச் சுவரில் மாட்டுவார்கள். காலையில் வரும்போது அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அந்த அம்மாவின் பேர் அதில் பல இடத்தில் இருந்தது. ஆனால் எந்தத் தகட்டிலும் தனியாக இருக்காது. பக்கத்தில் இன்னொருவர், சிலதில் இன்னும் இருவர். அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் அந்த அம்மாவின் பக்கத்தில்தான் சுவர் ஏறியிருந்தார்கள். என் பேர் எங்கேயும் இல்லை.

என் அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். எங்கள் வீட்டில் யார் பேரும் எதிலும் பொறிக்கப்பட்டதில்லை, பாத்திரங்களைத் தவிர. அம்மாவின் பேர் குடத்தில் இருக்கிறது. எனக்கு அந்தச் சுவரில் ஒரு தகடு வேண்டும். வேறு பெரிய ஆசைகள் அப்போது எனக்கு இருந்ததாக நினைவில்லை. சம்பள உயர்வு வந்தபோதுகூட அந்தச் சுவரைத்தான் பார்த்தேன்.

அந்த அம்மாவுக்கு யோசனைகள் எப்படி வரும் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். வருவதே தெரியாது. யாரோ ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார்கள், இவர் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். இரண்டு வாரம் கழித்து மீட்டிங்கில் வரைபடத்தைப் போட்டு, "இது அவரு சொன்னதுலேர்ந்து வந்தது" என்று கையைக் காட்டுவார். காட்டப்பட்டவர் பெருமையாக நிமிர்ந்து உட்காருவார். எனக்கானால் ஒரு யோசனை வருவதற்குள் ஆயுசு போய்விடும். வந்தால் யாருக்கும் தெரியாமல் பொத்தி வைத்திருப்பேன். பொத்தி வைத்ததில் பல அப்படியே புளித்துப் போயின.

ஒருநாள் கேபில் ஒரு ஜோக் சொன்னேன். போனில் வந்ததுதான். நான் சொன்னபோது டிரைவர் மட்டும் மரியாதைக்குச் சிரித்தார். மறுநாள் கேன்டீனில் அந்த அம்மா, "இது தம்பி சொன்னது" என்று தொடங்கி அதே ஜோக்கைச் சொன்னார். மேஜையே குலுங்கியது. எங்கள் மேனேஜருக்குப் புரை ஏறிவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்து, உங்களுக்குள்ளே இப்படி ஒரு ஆள் இருக்காரா என்கிறார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் ஜோக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். என் பேரையும் சொல்லி, என்னைவிட நன்றாகவும் சொன்னவரை என்ன செய்வது?

வீட்டில் வந்து இதையெல்லாம் கொட்டுவேன். என் மனைவி சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்பாள். ஒருநாள் கட்டையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லணும். தினம் வந்து அந்தம்மா கதைதான் ஓடுது. என்னா, லவ்வா?"

"சேச்சே. பொறாமை."

"அப்ப சரி" என்று மறுபடி தேய்க்கத் தொடங்கினாள். "அது இருந்துட்டுப் போவட்டும்."

துடுப்பு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். டோனர் தொட்டிக்குள் பொடி கட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு சின்னத் துடுப்பு சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தத் துடுப்பே உரசி உரசிச் சூடேற்றி, பொடியைச் சின்னச் சின்ன உருண்டையாக்கிவிடும். உருண்டை தாளில் வந்து புள்ளி புள்ளியாக விழும். துடுப்புக்கு வழுவழுப்பான பூச்சு ஒன்று கொடுத்தால் உரசல் குறையும் என்று நான் பிடித்த பிடியாக நின்றேன். ஒரு வருஷத்துக்கு மேல் அதிலேயே கிடந்தேன். அது என் தகடு என்று மனசுக்குள் சுவரில் இடம்கூடப் பார்த்துவைத்திருந்தேன். கடைசியில் எந்தப் பூச்சு போட்டாலும் உருண்டை உருண்டுகொண்டுதான் இருந்தது.

அதை மேனேஜரிடம் எப்படிச் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா மீட்டிங்கில் எழுந்தார். "தொட்டிக்குள்ள எதைச் சுத்த விட்டாலும் இந்த உருண்டை வரும்னு தம்பி காட்டிட்டாரு. இனிமே நாம உள்ள எதையும் வைக்கக் கூடாது. அவரு இதைக் காட்டலன்னா நாம இன்னும் ரெண்டு வருஷம் துடுப்பைத்தான் கட்டிக்கிட்டு அழுதிருப்போம்" என்றார். மேனேஜர் என்னைப் பார்த்து மெச்சுகிற மாதிரி தலையசைத்தார். நான் தோற்றுப் போனேன் என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சரியாகியிருப்பேன். என் தோல்விக்குக்கூடப் பேர் வைத்துக் கொடுத்த அந்தப் பெரிய மனசை என்னால் செரிக்கவே முடியவில்லை. அன்று கேபில் தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டு வந்தேன்.

அந்த வருஷ மழைக்காலத்தில் தொட்டிப் பிரச்சினை முற்றிவிட்டது. எங்கள் கூடத்தில் ஏசியும் ஈரப்பத அளவும் எப்போதும் ஒரே சீராக இருக்கும். அங்கே ஓடுகிற பொடி, வெளியே ஒரு சாதாரண ஆபீஸின் ஜன்னலோரத்தில், ஆடி மாதச் சாரலில், தொட்டியின் அடிவாய்க்கு மேலே வளைவாகக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அடியில் பொடி விழாததால் இயந்திரம் டோனர் தீர்ந்துவிட்டது என்று சொல்லும். திறந்து பார்த்தால் பாதித் தொட்டி அப்படியே இருக்கும். மேலேயிருந்து ஆட்டிப் பார்த்தோம், இன்னும் இறுகியது. உள்ளே காற்றை ஊதிப் பார்த்தோம், புகை மாதிரி பறந்து எல்லார் மூக்கையும் கறுப்பாக்கியது. துடுப்பு வைக்கக் கூடாது என்பது ஏற்கெனவே என்னால் நிரூபிக்கப்பட்டுவிட்டது.

அப்போதுதான் ஒரு திங்கட்கிழமை மீட்டிங்கில் அந்த அம்மா ஒரு படம் போட்டார். தொட்டிக்கு உள்ளே ஒன்றும் இல்லை. மேலேயும் ஒன்றும் இல்லை. வெளியே, பக்கச் சுவரில், வாய்க்குக் கொஞ்சம் மேலே, ஒரு சின்ன வில் தகடு. தாளை இழுக்கிற உருளை ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அந்தத் தகடு பின்னால் போய்த் தொட்டியின் பக்கத்தில் லேசாக ஒரு தட்டு தட்டும். நிறையத் தாள் ஓடினால் நிறையத் தட்டு, ஓடாவிட்டால் தட்டே இல்லை. தனி மோட்டார் வேண்டாம். பக்கத்தில் தட்டினால் பொடி வளைவின் கால் நழுவிவிடும், மொத்தமும் தானாக இறங்கும். பார்த்தவுடனே சரி என்று தெரிந்துவிட்டது. மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"வெளியே, பக்கத்துல தட்டணும்கிறது தம்பி சொன்னது" என்றார் அந்த அம்மா. "உருளையோட கட்டினது நான்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நானும் யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்திருப்பேன், எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. அப்படி ஒன்றை நான் எப்போது சொன்னேன்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. மேனேஜர் என் தோளில் தட்டினார்.

காப்புரிமை எழுதுகிற பேடன்ட் வக்கீல் ஒருவர் வந்தார். எம்.ஜி. ரோடு பக்கத்தில் ஆபீஸ் வைத்திருக்கிற தமிழர், நரைத்த தலை, மெதுவான பேச்சு. கண்டுபிடித்தவர்கள் என்று யார் பேரைக் கொடுத்தாலும் அவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்பது அவர் வழக்கம். என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நட்புக்காகவோ மரியாதைக்காகவோ பேர் போட முடியாதுங்க" என்றார். "யோசிச்சவர் பேர் விட்டுப் போனாலும் தப்பு, யோசிக்காதவர் பேர் சேர்ந்தாலும் தப்பு. நாளைக்கு யாராவது கோர்ட்டுக்குப் போனா மொத்த பேடன்ட்டும் கவிழ்ந்துடும். இதுல உங்க யோசனை எது?"

"வெளியே பக்கத்துல தட்டுறதுன்னு அவங்க சொல்றாங்க."

"அவங்க சொல்றது இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என் பேர் சுவரில். அது அந்த அம்மா போட்ட பிச்சையாக இருந்தால், ஆயுசுக்கும் காலையில் அந்தப் பிச்சையைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். இல்லை என்று சொன்னால் தகடு போச்சு. அதோடு, ஒருவேளை நிஜமாகவே நான் சொல்லியிருந்தால்? என் வாழ்நாளில் வந்த ஒரே ஒரு யோசனையை என் வாயாலேயே இல்லை என்று சொல்லியாகிவிடும்.

"எனக்கு நினைவில்ல சார்" என்றேன். அது உண்மை.

அவர் பேனாவை மூடினார். "இப்படி ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்ல. வழக்கமா எல்லாருக்கும் ரொம்ப நல்லா நினைவு இருக்கும்" என்றுவிட்டு, என்னை அனுப்பி அந்த அம்மாவைக் கூப்பிட்டார்.

என் மேஜையிலிருந்து கண்ணாடி அறை தெரியும். அந்த அம்மா என்னவோ சொன்னார். சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டு, கையால் வாயில் எதையோ போடுகிற மாதிரி செய்தார். வக்கீல் சிரித்தார். அப்புறம் இரண்டு மூன்று கேள்வி கேட்டார், கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்த வக்கீல் என் மேஜைப் பக்கம் நின்று, "போதும். உங்க பேர் இருக்கும், சந்தேகமே வேண்டாம்" என்றார். என்ன சொன்னார்கள் என்று அவரிடம் கேட்க என் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. அந்த அம்மாவிடம் கேட்க அதைவிட இடம் கொடுக்கவில்லை.

பேடன்ட் வருவதற்கு நாளாயிற்று. வந்ததும் தகடு மாட்டினார்கள். அகர வரிசையில் என் பேர் முதலில், அவர் பேர் அடுத்தது. மனைவியை ஒரு சனிக்கிழமை அழைத்துப்போய்க் காட்டினேன். அவள் தகட்டைத் தடவிப் பார்த்து, முந்தானையால் துடைத்து, போட்டோ எடுத்தாள். "இப்பவாவது அந்தம்மாவைத் திட்டுறதை நிறுத்துவீங்களா" என்றாள். நானும் நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இரவல் சட்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன மாதிரி இருந்தது. பார்க்கிறவர்களுக்கு நன்றாகத்தான் இருக்கும், கையைத் தூக்கும்போது நமக்குத்தான் அக்குளில் பிடிக்கும். யாராவது கைகுலுக்கினால், இவருக்குத் தெரியுமா என்று முகத்தைத் தேடுவேன். சில நாள் காலையில் அது என்னுடையதுதான், எங்கேயோ சொல்லியிருக்கிறேன் என்று தோன்றும். சில நாள் மாலையில் அது அந்த அம்மா எனக்குக் கொடுத்த கருகாத அச்சு முறுக்கு என்று தோன்றும். கேட்டுவிட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். கேட்காதவரை பாதியாவது என்னுடையது. அந்தப் பாதியை விட மனசில்லாமல் வருஷக்கணக்கில் அவரோடு ஒரே கேபில் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அவர் நடத்தையில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு ஏதோ நல்லது செய்துவிட்ட பார்வை ஒரு தடவையாவது வந்துவிடும், பிடித்துவிடலாம் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. அவர் பாட்டுக்கு டிரைவரின் மாமனாருக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

பிறகு ஒருநாள் அவர் வேலையை விட்டார். குழந்தைகளுக்கான சத்துமாவு செய்கிற ஒரு கம்பெனியில் பெரிய வேலை. "அங்கயும் பொடிதான் தம்பி, தின்னலாம், அவ்ளோதான் வித்தியாசம். இது மேனேஜர் சொன்ன ஜோக்" என்றார். வழியனுப்பு விழாவில் ஆளாளுக்குப் பேசினார்கள். ஒவ்வொருவரும் அந்த அம்மா தன்னுடையது என்று சொன்ன ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். எனக்கு முறை வந்தபோது தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அன்று மாலை கேபில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். சில்க் போர்டு சந்திப்பில் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. தூறல். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, "இவத்து தும்பா லேட் ஆகுத்தே" என்றார். அந்த அம்மா "ஆகலி பிடி" என்று, ஆகட்டும் விடுங்கள் என்கிற அர்த்தத்தில் கன்னடத்திலேயே சொல்லிவிட்டு, மடியில் இருந்த பூங்கொத்தை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்தார். இனிமேல் நாளைக்கு என்று ஒத்திப்போட நாளை கிடையாது.

"மேடம், பக்கத்துல தட்டணும்னு நான் எப்ப சொன்னேன்?"

எதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. "கேன்டீன்ல" என்றார். "பிசிபேளாபாத் போட்ட அன்னிக்கு. நான் தொட்டி அடைக்குது, தொட்டி அடைக்குதுன்னு எல்லார்கிட்டயும் புலம்பிக்கிட்டு இருந்தேன். நீங்க தட்டுலேர்ந்து தலையத் தூக்கல. வாயில சோத்தை வெச்சுக்கிட்டே சொன்னீங்க." தலையைக் குனிந்துகொண்டார். குரல் என் குரலாக ஆகிவிட்டது. "'ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ஆளைப் போட்டுடுங்க மேடம். பக்கத்துல நின்னு அதோட இடுப்புல தட்டிக்கிட்டே இருக்கட்டும். உங்களுக்குத்தான் எதுக்கெடுத்தாலும் நாலு பேர் வேணுமே.'"

எனக்குக் காது சுட்டது. சொன்னது நினைவுக்கு வரவில்லை. ஆனால் சொன்னது நான்தான், அதில் சந்தேகமே இல்லை. அப்படி எரிச்சலோடு பேசுகிற ஆள் அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் கிடையாது.

"அது குத்தலா சொன்னது மேடம்."

"தெரியும்."

"வக்கீல்கிட்டயும் இதேதான் சொன்னீங்களா?"

"அப்படியே சொன்னேன். குத்தலா சொன்னா கணக்கு இல்லையான்னு கேட்டேன். எப்படிச் சொன்னா என்னம்மா, சொன்னது எதுன்னுதான் சட்டம் பாக்கும்ன்னாரு." அவர் என் பக்கம் திரும்பினார். "நாங்க எல்லாரும் அதுவரைக்கும் மேல, உள்ளன்னே தேடிக்கிட்டு இருந்தோம் தம்பி. பக்கத்துலன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். அன்னிக்குச் சாப்பாட்டுல பாதிய வெச்சுட்டு எழுந்து போயிட்டேன்."

"எம்மேல கோவமா?"

"கோவம் இல்லாம? ராத்திரி எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சொல்லித் திட்டினேன். திட்டுறதுக்காக நீங்க சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொல்லும்போதுதான் அந்தப் 'பக்கத்துல' காதுல விழுந்துச்சு."

முன்னால் வண்டிகள் அசைந்தன. டிரைவர் எஞ்சினைப் போட்டார். பிரேசர் டவுன் வரைக்கும் நாங்கள் வேறு எதையோ பேசிக்கொண்டு போனோம். அவர் இறங்கும்போது பூங்கொத்தை என்னிடம் நீட்டி, "வீட்டம்மாவுக்குக் குடுங்க, எல்லாரும் சேர்ந்து வாங்கினதுன்னு சொல்லுங்க" என்றார். தெருமுனை திரும்புகிற வரைக்கும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தகடு என்னுடையதுதான். பிச்சை இல்லை, இரவல் இல்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சந்தோஷப்படப் பார்த்தேன், வரவில்லை. என்னை யாராவது அப்படிக் குத்தியிருந்தால் நானும் வீட்டுக்கு வந்து திட்டியிருப்பேன், திருப்பித் திருப்பிச் சொல்லியிருப்பேன். ஆனால் வார்த்தைக்கு வார்த்தை குத்தல் மட்டும்தான் என் காதில் விழுந்திருக்கும். அந்த அம்மாவின் பேடன்ட்டுகளைப் பார்த்து இத்தனை வருஷம் பொறாமைப்பட்டது வீண். பொறாமைப்பட வேண்டியது அந்தக் காதைப் பார்த்து என்று அப்போதுதான் புரிந்தது, புரிந்ததிலிருந்து முன்னைவிட அதிகமாக எரிகிறது.

அடுத்த வாரம் கேன்டீனில், அந்த அம்மா இல்லாத மேஜையில், பக்கத்துக் குழுக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துக் குத்தலாக ஒன்று சொன்னார். அதற்குள்ளே யோசனை ஏதாவது இருக்கிறதா என்று, சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, அதை மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தும் சொல்லிப் பார்த்தேன். குத்தல்தான் கேட்டது. அந்த ஆளோடு இன்னும் நான் பேசுவதில்லை.